எல்லை மாறியது, அச்சகமும் இடம் மாறியது: யார் இந்த டி.வி.ராமசுப்பையர்? தினமலர் உருவான முழு பின்னணி

இன்னைக்கு இரணியல்ல காலையில டீக்கடைக்குப் போனா, நாலஞ்சு தமிழ் நாளிதழ்கள் மேசையில கிடக்கும். நாகர்கோவில் செய்தி, தக்கலை செய்தி, குளச்சல் செய்தி எல்லாம் அதில் இருக்கும். ஆனால் 1950-களின் தொடக்கத்தில் நிலைமை வேறு. அப்போது இரணியல் இருந்தது தமிழ்நாட்டில் இல்லை, திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில். தலைநகரம் திருவனந்தபுரம்.

மக்கள் பேசியது தமிழ். அவர்களை ஆண்ட அரசு இருந்ததோ மலையாளம் பேசும் தலைநகரில். அந்த ஊரிலேயே ஒரு தமிழ் நாளிதழைத் தொடங்கினார் நாஞ்சில் நாட்டுக்காரர் ஒருவர். அவர்தான் டி.வி.ஆர். என்று அழைக்கப்பட்ட டி.வி.ராமசுப்பையர். அவர் தொடங்கிய நாளிதழ் தினமலர்.

ஒரு கோரிக்கைக்காகத் தொடங்கிய நாளிதழ், அந்தக் கோரிக்கை வெற்றி பெற்ற பிறகு என்ன செய்யும்? டி.வி.ஆரின் வாழ்க்கையில் பாதிக் கதை இந்தக் கேள்விக்குள்தான் இருக்கிறது.

யார் இந்த டி.வி.ஆர்.?

1908 அக்டோபர் 2-ம் தேதி, நாகர்கோவில் வட்டாரத்தில் உள்ள தழுவிய மகாதேவர் கோவில் என்ற சிற்றூரில் பிறந்தவர் ராமசுப்பையர். அன்றைக்கு அது திருவிதாங்கூர் மன்னராட்சிப் பகுதி. சென்னையில் பத்திரிகை நடத்திய குடும்பத்தில் இருந்து வந்தவர் அல்ல அவர். 43-வது வயதை நெருங்கும்போதுதான் நாளிதழ் தொடங்கினார்.

அந்தக் காலத் தமிழ் நாளிதழ் உலகம் ரொம்பச் சின்னது. 1882-ல் ஜி.சுப்பிரமணிய ஐயர் தொடங்கிய சுதேசமித்திரனும், 1934-ல் வந்த தினமணியும் சென்னையில் பிறந்தவை. 1942-ல் மதுரையில் தினத்தந்தியைத் தொடங்கினார் சி.பா.ஆதித்தனார். பாமர மக்களின் பேச்சுக்கு நெருக்கமான மொழியில் செய்தி எழுதி, புதிய வாசகர்களைப் பிடித்தது தினத்தந்தி.

ஆனா இந்தப் பெரிய பத்திரிகைகளுக்குத் தென்திருவிதாங்கூர் ஓர் ஓரம்தான். சென்னையில் அச்சான நாளிதழ் ரயிலில் திருநெல்வேலி வந்து, அங்கிருந்து சாலை வழியாக நாகர்கோவிலைத் தொட வேண்டும். அதற்குள் மறுநாள் ஆகிவிடும். இரணியல், குளச்சல், தக்கலை சேதிகள் அதில் இடம்பிடிப்பதும் அரிது.

இரணியல் இந்தக் கதையில் எங்கே வருகிறது?

கண்டிப்பாகச் சொன்னால் நாஞ்சில் நாடு என்பது தோவாளை, அகஸ்தீஸ்வரம் தாலுகாக்கள். இரணியல் அதற்கு மேற்கே, கல்குளம் தாலுகாவில் இருக்கிறது. 19-ம் நூற்றாண்டில் இரணியலே ஒரு தனித் தாலுகா. வேணாட்டு அரசர்களின் பழைய அரண்மனையும், கைத்தறி நெசவும் இந்த ஊரின் அடையாளங்கள்.

தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு. இந்த நான்கு தாலுகாக்களிலும் தமிழ் பேசுவோர்தான் பெரும்பான்மை. ஆனால் அரசு அலுவலகம், பள்ளி, வேலைவாய்ப்பு என எல்லாவற்றிலும் மலையாளத்துக்கே முன்னுரிமை என்ற மனக்குறை அவர்களுக்கு இருந்தது. 'எங்களைத் தமிழ்நாட்டோடு சேருங்கள்' என்ற கோரிக்கை எழுந்தது இதிலிருந்துதான்.

1940-களின் நடுவில் இதற்காகவே உருவானது திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ். அதன் முன்னணித் தலைவர் மார்ஷல் நேசமணி. தலைவர் இருந்தார், கட்சி இருந்தது. இந்த மக்களின் குரலைத் தினமும் பதிவு செய்ய ஒரு நாளிதழும் தேவைப்பட்டது.

ஏன் திருவனந்தபுரத்தில் தொடங்கினார்?

1951 செப்டம்பர் 6-ம் தேதி தினமலர் முதல் இதழ் வெளியானது. வெளியான ஊர் திருவனந்தபுரம். வாசகர்கள் நாகர்கோவில் பக்கம் இருக்க, அச்சகத்தை ஏன் அங்கே வைக்க வேண்டும்?

காரணம் எளிது. சட்டமன்றம் அங்கே. அமைச்சர்கள், தலைமைச் செயலகம், உத்தரவுகள் எல்லாம் அங்கே. தெற்குத் தாலுகாக்களில் நடப்பது தலைநகருக்குத் தெரிய வேண்டும். தலைநகரில் முடிவாவது தெற்கே உடனே போய்ச் சேர வேண்டும்.

சிரமமும் இருந்தது. திருவனந்தபுரம்-நாகர்கோவில் ரயில் பாதை வந்ததே 1979-ல்தான். 1951-ல் பத்திரிகைக் கட்டுகள் சாலை வழியாகத்தான் வர வேண்டும். திருவனந்தபுரத்தில் இருந்து இரணியலுக்கு ஏறத்தாழ 50 கிலோமீட்டர். நாகர்கோவிலுக்கு அதற்கும் மேல்.

இன்னொன்றும் உண்டு. திருவிதாங்கூரில் ஆட்சியாளர்களை எதிர்த்துப் பத்திரிகை நடத்தியவர்களின் கதைகள் நல்லபடியாக முடியவில்லை. 1910-ல் சுதேசாபிமானி என்ற மலையாளப் பத்திரிகையின் அச்சகத்தை அரசு பறிமுதல் செய்து, ஆசிரியர் ராமகிருஷ்ண பிள்ளையை நாடு கடத்தியது. 1938-ல் திவான் சி.பி.ராமசாமி ஐயர் காலத்தில் மலையாள மனோரமா மூடப்பட்டது. 1951-ல் மன்னராட்சி இல்லை, அரசியல் சட்டம் வந்துவிட்டது. என்றாலும், ஒரு மாநிலத்தின் தலைநகரில் உட்கார்ந்துகொண்டு அந்த மாநிலத்தின் ஒரு பகுதியைப் பிரித்துக் கொடுக்கச் சொல்லி எழுதுவது சாதாரண விஷயம் இல்லை.

துப்பாக்கிச் சூடு... திருப்புமுனையான 1954

1954 தேர்தலில் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் 12 இடங்களில் வென்றது. ஆட்சி அமைத்தது பிரஜா சோஷலிஸ்ட் கட்சி. முதல்வர் பட்டம் தாணுப் பிள்ளை. போராட்டம் தீவிரமானது.

1954 ஆகஸ்ட் 11-ம் தேதி மார்த்தாண்டம், புதுக்கடை பகுதிகளில் போலீஸ் துப்பாக்கிச் சூடு நடத்தியது. பலர் உயிரிழந்தார்கள். நாடு முழுக்க அதிர்ச்சி. பட்டம் தாணுப் பிள்ளை பதவி விலக வேண்டும் என்று அவரது சொந்தக் கட்சியின் பொதுச்செயலாளர் ராம் மனோகர் லோகியாவே கேட்டார். முதல்வர் மறுத்துவிட்டார். ஆனாலும் 1955 தொடக்கத்தில் அந்த அமைச்சரவை கவிழ்ந்தது.

அதே காலத்தில் பசல் அலி தலைமையிலான மாநில மறுசீரமைப்பு ஆணையம் எல்லைகளை ஆராய்ந்துகொண்டிருந்தது. 1955-ல் அறிக்கை வந்தது. 1956 நவம்பர் 1-ம் தேதி நான்கு தாலுகாக்களும் சேர்ந்து கன்னியாகுமரி மாவட்டமாகத் தமிழகத்தோடு (அன்றைய சென்னை மாநிலம்) இணைந்தன. செங்கோட்டைப் பகுதி திருநெல்வேலி மாவட்டத்துக்கு வந்தது. போராட்டக்காரர்கள் கேட்ட தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்திலேயே நின்றுவிட்டன.

கேரளத் தரப்புக்கும் இது வலிதான். திருவிதாங்கூரின் நெற்களஞ்சியமாக இருந்தது நாஞ்சில் நாடு. தக்கலை அருகே உள்ள பத்மநாபபுரம் அரண்மனை இன்றும் தமிழக மண்ணில்தான் நிற்கிறது. ஆனால் பராமரிப்பது கேரள அரசு. பக்கத்திலேயே இருக்கும் இரணியல் அரண்மனைக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. பல பத்தாண்டுகள் கவனிப்பில்லாமல் அது இடிந்து கிடந்தது.

ஜெயித்த பிறகு வந்த சிக்கல்

இங்கேதான் டி.வி.ஆரின் தொழில் வாழ்க்கையில் பெரிய திருப்பம். இணைப்பு நடந்துவிட்டது, நல்லது. ஆனா பத்திரிகையின் நிலைமை?

வாசகர்கள் ஒரு மாநிலத்தில். அச்சகம் இன்னொரு மாநிலத்தில். குமரி மாவட்டத்துக்கான முடிவுகள் இனி சென்னையில். திருவனந்தபுரத்தில் இருந்து தமிழ் நாளிதழ் நடத்துவதற்கான முக்கியக் காரணமே போய்விட்டது. இணைப்புக்காகத் தொடங்கிய பத்திரிகைக்கு இணைப்பே நெருக்கடியாக வந்து நின்றது.

'வேலை முடிந்தது' என்று மூடியிருக்கலாம். டி.வி.ஆர். மூடவில்லை. இணைப்பு நடந்து ஆறு மாதம் முடிவதற்குள், 1957 ஏப்ரலில் தினமலரைத் திருநெல்வேலிக்கு மாற்றினார்.

ஏன் நாகர்கோவில் இல்லை, திருநெல்வேலி? அன்றைய திருநெல்வேலி மாவட்டம் என்பது இன்றைய நெல்லை, தூத்துக்குடி, தென்காசி மூன்றும் சேர்ந்தது. வாசகர் பரப்பு பெரிது. ரயில் வசதி இருந்தது. திருநெல்வேலிக்கும் நாகர்கோவிலுக்கும் இடையே ரயில் வந்தது 1981-ல்தான் என்றாலும், சாலை வழியாகக் குமரி மாவட்டத்தை எட்டிவிடலாம். பழைய வாசகரைக் கைவிடாமல் புதிய வாசகரையும் பிடிக்கத் தோதான ஊர் அது.

அன்றைக்கு நாளிதழ் நடத்துவது எவ்வளவு கஷ்டம்?

இன்னைக்கு மாதிரி கம்ப்யூட்டர் கிடையாது. ஒவ்வொரு எழுத்தையும் ஈய அச்சாகக் கையால் பொறுக்கி அடுக்க வேண்டும். ஆங்கிலத்துக்கு 26 எழுத்து. தமிழுக்கு உயிர்மெய் எல்லாம் சேர்த்து 247. அச்சுக்கோப்பவரின் பெட்டியில் அறைகள் கூடக்கூட வேலையும் கூடும்.

தேசியச் செய்திகள் பி.டி.ஐ. போன்ற நிறுவனங்களில் இருந்து டெலிபிரிண்டரில் ஆங்கிலத்தில் வரும். ராத்திரியோடு ராத்திரியாக மொழிபெயர்த்து, அச்சுக்கோத்து, பிழை திருத்தி, விடியும் முன் வண்டியில் ஏற்ற வேண்டும். காகிதமோ பெரும்பாலும் இறக்குமதி. எவ்வளவு வாங்கலாம் என்பதிலும் அரசுக் கட்டுப்பாடு வந்தது.

விற்கும் விலை அச்சிடும் செலவுக்குக் காணாது. மீதியை விளம்பரம்தான் ஈடுகட்ட வேண்டும். பெரிய கம்பெனிகளின் விளம்பரம் சென்னைப் பத்திரிகைகளுக்குப் போகும் காலத்தில், மாவட்ட நாளிதழுக்கு உள்ளூர் வாசகரின் நம்பிக்கையே முதலீடு.

ஊர்ச் செய்தி என்ற உத்தி

தெருவிளக்கு எரியவில்லை, குளம் தூர்வாரவில்லை, பஸ் நிற்கவில்லை. சென்னைப் பத்திரிகைக்கு இது செய்தியே இல்லை. அந்த ஊர்க்காரருக்கு இதுதான் முதல் செய்தி. மாவட்டச் செய்திக்கு முக்கியத்துவம் என்பது தினமலரின் அடையாளமாக மாறியது.

அதற்கு ஏற்ற வழி, பல ஊர்களில் பதிப்பு. ஒரே இடத்தில் அச்சிட்டு ஊர் ஊராக அனுப்பினால் பக்கங்களைச் சீக்கிரமே முடிக்க வேண்டும். ராத்திரி நடந்தது விட்டுப்போகும். அந்தந்த ஊரிலேயே அச்சிட்டால் கடைசி நேரச் செய்தியும் வரும், உள்ளூர்ப் பக்கமும் கூடும். 1966-ல் திருச்சி, 1979-ல் சென்னை, 1980-ல் மதுரை, 1984-ல் ஈரோடு எனப் பதிப்புகள் விரிந்தன. சென்னையில் தொடங்கி மாவட்டங்களுக்குப் போன பத்திரிகைகளுக்கு நடுவே, இது கடைக்கோடியில் தொடங்கிச் சென்னைக்குப் போனது.

டி.வி.ஆருக்குப் பிறகு

1984 ஜூலை 21-ம் தேதி தன் 75-வது வயதில் டி.வி.ஆர். காலமானார். இந்திய அஞ்சல் துறை அவரது நினைவாக அஞ்சல் தலை வெளியிட்டது. நாளிதழைக் குடும்பத்தினர் தொடர்ந்து நடத்தினார்கள். அவரது மகன் இரா.கிருஷ்ணமூர்த்தி நீண்ட காலம் ஆசிரியராக இருந்தார். சங்ககாலத் தமிழ் நாணயங்களை ஆய்வு செய்தவராகவும் அறியப்பட்ட அவர் 2021-ல் காலமானார்.

முக்கிய ஆண்டுகள் ஒரே பார்வையில்

• 1908: தழுவிய மகாதேவர் கோவில் கிராமத்தில் பிறப்பு
• 1951: திருவனந்தபுரத்தில் தினமலர் தொடக்கம்
• 1954: மார்த்தாண்டம், புதுக்கடை துப்பாக்கிச் சூடு
• 1956: கன்னியாகுமரி மாவட்டம் உதயம்
• 1957: திருநெல்வேலிக்கு இடமாற்றம்
• 1966: திருச்சி பதிப்பு
• 1979: சென்னை பதிப்பு
• 1984: டி.வி.ஆர். மறைவு

இதில் இருந்து என்ன புரிகிறது?

தொடக்க காலத் தினமலர் நடுநிலை வகித்த பத்திரிகை அல்ல. எல்லைப் பிரச்சினையில் ஒரு பக்கம் நின்று, அதற்காகவே வந்த பத்திரிகை அது. இப்படிப்பட்ட போராட்டப் பத்திரிகைகள் பலவும் போராட்டத்தோடு நின்றுபோனதைத் தமிழ் இதழியல் வரலாறு பார்த்திருக்கிறது.

டி.வி.ஆர். செய்த வித்தியாசம், கோரிக்கை முடிந்ததும் வாசகர் எங்கே போனாரோ அங்கே பத்திரிகையையும் கொண்டுபோனதுதான். எல்லைக்காக எழுதிய அதே பத்திரிகை அடுத்து தண்ணீருக்கும் சாலைக்கும் எழுதியது. இரணியல் மாதிரி ஊர்களின் சின்னச் சின்னப் புகார்கள் இன்றைக்கும் அச்சில் வருவதற்கு, திருவனந்தபுரத்தில் 1951-ல் எடுத்த அந்த முடிவும் ஒரு காரணம்.