உருக்கப்படாத பீரங்கி: செயின்ட் பீட்டர்ஸ்பர்க் பீரங்கி அருங்காட்சியகம்

செயின்ட் பீட்டர்ஸ்பர்க் பீரங்கி அருங்காட்சியகம் ரஷ்யாவின் மிகப் பழைமையான அருங்காட்சியகங்களுள் ஒன்றாகும். பீட்டர்-பால் கோட்டையை அடுத்துள்ள குரோன்வெர்க் என்னும் அரண் கட்டடத்தில் 1868 முதல் இது இயங்கி வருகிறது.

தோற்றம்

1700 ஆம் ஆண்டு நார்வா போரில் ஸ்வீடனிடம் தோற்ற ரஷ்யப் படை, தன் பீரங்கிகளையும் இழந்தது. அக்காலப் பீரங்கிகள் பல வெண்கலத்தால் வார்க்கப்பட்டவை. எனவே மன்னர் முதலாம் பீட்டர் தேவாலய மணிகளையும் பழைய பீரங்கிகளையும் உருக்கிப் புதியவற்றை வார்க்கச் செய்தார்.

ஆயினும் எல்லாவற்றையும் அவர் உலைக்கு அனுப்பவில்லை. 1605 இல் வார்க்கப்பட்ட குட்டையான பீரங்கி ஒன்றை உருக்கக் கூடாது என்று ஆணையிட்டார். அவ்வாணை 1703 என்னும் ஆண்டுடன் அதன் மீதே பொறிக்கப்பட்டுள்ளது. அதே ஆண்டில், பழைமையும் அருமையும் வாய்ந்த பீரங்கிகளைக் காக்கக் கோட்டைக்குள் ஒரு கிடங்கு அமைக்கவும் பணித்தார். அதுவே இவ்வருங்காட்சியகத்தின் தொடக்கம்.

முக்கியக் காட்சிப் பொருள்கள்

மேற்கண்ட பீரங்கியை உருவாக்கியவர் ஆந்திரேய் சோகோவ். மாஸ்கோவிலுள்ள ஜார் பீரங்கியை 1586 இல் வார்த்தவரும் இவரே. இவர் 1577 இல் வார்த்த 'இன்ரோக்' (ஒற்றைக்கொம்பன்) என்ற பீரங்கி, போரில் அயலார் கைக்குப் போனது. 1723 இல் ஸ்டாக்ஹோமில் விலைக்கு வாங்கப்பட்டு, மூன்று துண்டுகளாக ரஷ்யாவுக்குத் திரும்பியது. பின்னர் அத்துண்டுகள் ஒன்றாக இணைக்கப்பட்டன. இரண்டாம் உலகப் போரில் புகழ்பெற்ற கத்யூஷா ராக்கெட் ஏவு வண்டியும் இங்குள்ளது.

சிறப்பு

போருக்கு வெண்கலம் மிகவும் தேவைப்பட்ட நேரத்திலும் சில பீரங்கிகள் விட்டுவைக்கப்பட்டன. அதனால்தான் சோகோவின் வார்ப்புக் கலையை இன்றைய மாணவர்கள் நேரில் கண்டு அறிய முடிகிறது.