ஹாம்ட்ராம்க்: ஒரு ஜாமீன் சரித்திரம்

1980 ஜனவரி 4, வெள்ளிக்கிழமை. டெட்ராய்ட்டுக்கு நடுவே தீவுபோல் கிடக்கும் ஹாம்ட்ராம்க் என்ற சிறு நகரத்தில் டாட்ஜ் மெயின் தொழிற்சாலை தன் கடைசிக் காரை வெளியே அனுப்பிவிட்டு மூடிக்கொண்டது. அடுத்த திங்கட்கிழமை, ஜனவரி 7, கிரைஸ்லர் கம்பெனியின் கடன்களுக்கு 150 கோடி டாலர் வரை அமெரிக்க அரசாங்கம் ஜாமீன் நிற்பதற்கான சட்டத்தில் ஜனாதிபதி கார்ட்டர் கையெழுத்திட்டார். டாட்ஜ் மெயின் கிரைஸ்லருடைய தொழிற்சாலைதான். கம்பெனி பிழைத்த கதையைச் சொல்கிறவர்கள் திங்கட்கிழமையில் ஆரம்பிக்கிறார்கள். தொழிலாளர்களின் கதையைச் சொல்கிறவர்கள் வெள்ளிக்கிழமையோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

நொடித்துப்போன கார்க் கம்பெனிகளை அரசாங்கம் தூக்கி நிறுத்தலாமா என்ற விவாதம் அமெரிக்காவில் 1979-ல் நடந்தது, 2008-ல் மறுபடி நடந்தது. இரண்டு தடவையும் இரண்டு கட்சிக்காரர்களும் தங்களை அறியாமலேயே ஒரு விஷயத்தில் ஒத்துப்போனார்கள்: உதவி கிடைத்தால் ஆலை ஓடும், கிடைக்காவிட்டால் மூடும். எனக்குச் சந்தேகம் தருவது இந்த ஒற்றுமைதான். ஹாம்ட்ராம்க்கில் ஒரே ஒரு நிலத்துண்டின் சரித்திரத்தைத் தொடர்ந்து பார்த்தால், ஆலையை மூடுவது உதவிப் பத்திரத்திற்குள்ளேயே எழுதப்பட்ட ஷரத்தாகத் தெரிகிறது.

முதலில் சொல்லைப் பார்க்கலாம். ஆங்கிலத்தில் 'பெயில்-அவுட்'. படகில் ஏறிய தண்ணீரை இறைத்துக் கொட்டுவதற்கும், உள்ளே இருப்பவனை ஜாமீனில் எடுப்பதற்கும், விழப்போகும் விமானத்திலிருந்து பாராசூட்டோடு குதிப்பதற்கும் இந்த ஒரே சத்தம்தான். (குதித்தவன் பிழைப்பான், விமானத்தில் மிச்சமிருப்பவர்கள் சங்கதி வேறு.) நம் தினசரிகள் 'மீட்பு நிதி' என்று எழுதுகின்றன, இலங்கைப் பத்திரிகைகள் 'பிணையெடுப்பு' என்கின்றன. எனக்கு இலங்கைக்காரர்களின் சொல்தான் சரியென்று படுகிறது. 'மீட்பு' என்றால் கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம். 'பிணை' என்றால் யார் கையெழுத்து, எதை ஈடு வைத்து என்று கேட்கத் தோன்றும்.

வங்கிக் குமாஸ்தாவாக இருப்பதில் விமர்சகனுக்குக் கிடைக்கும் சொற்ப லாபங்களில் ஒன்று, ஜாமீன் பத்திரங்களைத் தினமும் கையாள்வது. பத்திரத்தில் வேறுவிதமாகச் சொல்லியிருந்தாலொழிய, ஜாமீன்தாரரின் பொறுப்பு கடனாளியின் பொறுப்புக்குச் சமம் என்கிறது 1872-ம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 128-வது பிரிவு. கையெழுத்துப் போட வருகிற மச்சான்களும் ஆபீஸ் சிநேகிதர்களும் இதைப் படிப்பதில்லை. தாட்சண்யத்துக்குப் போடுகிறார்கள். அமெரிக்க அரசாங்கத்துக்கு அந்தத் தாட்சண்யம் இல்லை. ஜாமீன் நிற்பதற்குக் கட்டணம் வாங்கியது. அதோடு 1 கோடியே 44 லட்சம் கிரைஸ்லர் பங்குகளை, பங்கு ஒன்று 13 டாலர் வீதம், பின்னால் வாங்கிக்கொள்ளும் உரிமையையும் எழுதி வாங்கிக்கொண்டது. நம் மச்சான் இப்படிக் கேட்டால் குடும்பத்தில் பேச்சுவார்த்தை நின்றுபோகும்.

அன்றைய விவாதம் சுவாரஸ்யமானது. 1971-ல் லாக்ஹீட் விமானக் கம்பெனிக்கு 25 கோடி டாலர் ஜாமீன் நிற்கும் மசோதா செனட்டில் ஒரே ஒரு ஓட்டு வித்தியாசத்தில் தப்பியது. அதை எதிர்த்த செனட்டர் ப்ராக்ஸ்மயர்தான் 1979-ல் செனட்டின் வங்கிக் கமிட்டித் தலைவர். கிரைஸ்லரையும் எதிர்த்தார். சின்னக் கம்பெனிகள் வருஷந்தோறும் ஆயிரக்கணக்கில் நொடிக்கின்றன, அவர்களுக்கு யார் ஜாமீன் என்று எதிர்த்தவர்கள் கேட்டார்கள். பதில் சொல்ல முடியாத கேள்வி. கம்பெனியை மூடினால் வேலையிழந்தவர்களுக்குக் கொடுக்கும் உதவித்தொகையே இதைவிட அதிகமாகும் என்றார் 1978 நவம்பரில் கிரைஸ்லரில் சேர்ந்திருந்த லீ அயகோகா. அதற்கும் பதில் கிடையாது. ஆனால் அயகோகா தொழிலாளர்களை எண்ணிக்கையாகக் காட்டிப் பேசிக்கொண்டிருந்தபோதே டாட்ஜ் மெயினை மூடும் தீர்மானம் அறிவிக்கப்பட்டிருந்தது.

சட்டம் மற்றவர்களிடம் கேட்ட தியாகத்தின் பட்டியலைப் பார்க்க வேண்டும். அமெரிக்க வங்கிகள் 50 கோடி, வெளிநாட்டுக் கடன்காரர்கள் 15 கோடி, சொத்து விற்பனை 30 கோடி, மாநில, நகர அரசாங்கங்கள் 25 கோடி, உதிரிபாகம் சப்ளை செய்கிறவர்களும் டீலர்களும் 18 கோடி, புதுப் பங்கு 5 கோடி, ஆக 143 கோடி டாலர். இது போக, யூ.ஏ.டபிள்யூ. சங்கத் தொழிலாளர்கள் ஒப்பந்தக் கூலியில் 46 கோடியே 25 லட்சத்தையும், சங்கத்தில் இல்லாத ஊழியர்கள் பன்னிரண்டரைக் கோடியையும் விட்டுக்கொடுக்க வேண்டும். சங்கத் தலைவர் டக்ளஸ் ஃப்ரேசருக்கு 1980-ல் கம்பெனியின் டைரக்டர் போர்டில் நாற்காலி கிடைத்தது. பட்டியலில் எல்லோருக்கும் ஒரு வரி இருக்கிறது. நகரங்களைக் கொடுப்பவர்களாகத்தான் சேர்த்திருக்கிறார்கள், இழப்பவர்களாக அல்ல.

ஒப்பாதவர்களும் இருந்தார்கள். இலினாய் மாநிலத்தில் ராக்ஃபோர்ட் என்ற ஊரின் சிறு வங்கி ஒன்று, கொடுத்த கடனைத் திருப்பிக் கேட்டுப் பிடிவாதமாக நின்றது. நானூறுக்கு மேற்பட்ட வங்கிகள் கையெழுத்திட வேண்டிய ஏற்பாடு. ஒன்று முரண்டினால் எல்லாம் நிற்கும். பக்கத்து பெல்விடேரில் கிரைஸ்லருக்கு ஆலை இருந்தது. ஊராரின் நெருக்கடியில் கடைசியில் அந்த வங்கி பணிந்தது. தொழில்முறையில் எனக்கு அந்த வங்கிக்காரரிடம் கொஞ்சம் அனுதாபம் உண்டு. ஊர் ஜெயித்ததும் நியாயம்தான். ஆனால் அந்த பெல்விடேர் ஆலையை 2023 பிப்ரவரியில் நிறுத்திவிட்டார்கள். கிரைஸ்லர் அதற்குள் ஸ்டெல்லான்டிஸ் என்ற பன்னாட்டுக் கூட்டின் பெயர்ப்பலகைகளில் ஒன்றாகிவிட்டிருந்தது.

கடன் கணக்கு சுபமாக முடிந்தது. கிரைஸ்லர் வாங்கியது 120 கோடி. 1983-லேயே, தவணைக்கு ஏழு வருஷம் முந்தி, அடைத்துவிட்டது. பங்கு உரிமையை ஏலம் விட்டதில் அரசாங்கத்துக்கு 31 கோடியே 10 லட்சம் டாலர் கிடைத்தது. அந்த உரிமையை விட்டுத்தரும்படி அயகோகா கேட்டுப் பார்த்தார், நடக்கவில்லை. கடைசியில் ஏலத்தில் எடுத்ததும் கிரைஸ்லரேதான். ஜாமீன்தாரர் லாபம் பார்த்த அபூர்வ சம்பவம் என்பதால் இது வணிகப் பாடப்புத்தகங்களுக்குப் போய்விட்டது.

இனி நிலத்துக்கு வருகிறேன். டாட்ஜ் சகோதரர்கள் அங்கே ஆலை வைத்தது 1910-ல். அந்த வருஷம் ஹாம்ட்ராம்க்கின் ஜனத்தொகை மூவாயிரத்து ஐந்நூற்றுச் சொச்சம், 1920-ல் நாற்பத்தெட்டாயிரத்துக்கு மேல். வந்தவர்கள் பெரும்பாலும் போலந்துக்காரர்கள். ஆலைக்காக ஊர் வந்தது என்று சொல்வது இங்கே உபசார வார்த்தை அல்ல. கிரைஸ்லர் 1928-ல் டாட்ஜை விலைக்கு வாங்கியது. (டாட்ஜ் நமக்கும் தெரிந்த பெயர். பம்பாய் பிரீமியர் கம்பெனி கிரைஸ்லரோடு செய்துகொண்ட ஒப்பந்தத்தால் டாட்ஜ், ஃபார்கோ லாரிகள் நம் ரோடுகளிலும் ஓடின.) 1937-ல் தொழிலாளர்கள் ஆலைக்குள்ளேயே உட்கார்ந்து வேலைநிறுத்தம் செய்து சங்கத்தை ஏற்க வைத்தார்கள். 1968-ல் அதே ஆலையில் கறுப்பினத் தொழிலாளர்கள், கம்பெனியை மட்டுமல்லாமல் அந்தச் சங்கத்தையும் எதிர்த்து, 'ட்ரம்' என்ற புரட்சிகர அமைப்பைத் தொடங்கினார்கள். அடுக்குமாடிக் கட்டிடம் அது. மாடிக்கு மாடி வண்டியை ஏற்றி இறக்கிச் செய்யும் முறை காலாவதியாகி, கார்த் தொழில் விஸ்தாரமான ஒரே தளக் கூடாரங்களுக்குப் போய்விட்டது. ஆலையை மூடியதற்குச் சொன்ன பொறியியல் காரணம் பொய்யல்ல.

டாட்ஜ் மெயின் மூடிய அதே 1980-ல் ஜெனரல் மோட்டார்ஸ் புது ஆலைக்கு இடம் தேடியது. ஒரே தளக் கட்டிடம், ரயில் பாதை, கார் நிறுத்துமிடம் எல்லாம் சேர்த்துச் சுமார் 465 ஏக்கர் வேண்டும். டாட்ஜ் மெயின் நிலம் மட்டும் போதாது. ஒட்டியிருந்த போல்டவுன் பகுதியை, போலந்துக் கிழவர்களும் கறுப்பர்களும் கலந்து வாழ்ந்த குடியிருப்பை, டெட்ராய்ட் நகராட்சி ஆர்ஜிதம் செய்தது. சுமார் 4,200 பேர் வெளியேறினார்கள். ஆயிரத்துக்கு மேற்பட்ட வீடுகளும் கடைகளும் கோயில்களும் போயின. பொது உபயோகத்துக்கு மட்டும்தானே ஆர்ஜிதம் என்று வழக்குப் போட்டார்கள். வேலைவாய்ப்பும் பொது உபயோகமே என்று 1981 மார்ச்சில் மிச்சிகன் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. ஐந்து நீதிபதிகள் அந்தப் பக்கம், இரண்டு பேர் இந்தப் பக்கம். அமலோற்பவ மாதா கோயிலை கத்தோலிக்க மேற்றிராசனமே நகராட்சிக்கு விற்றுவிட்டது. கோயிலுக்குள் ஒரு மாதம் போல் உட்கார்ந்திருந்தவர்களை, அதில் பலர் வயதான பெண்கள், ஜூலையில் போலீஸ் அப்புறப்படுத்தியது. கார்த் தொழிலாளர் சங்கமும் இடிப்பவர்கள் பக்கம்தான். நிலத்தைச் சுத்தம் செய்து கொடுக்கப் பொதுப் பணம் 20 கோடி டாலருக்கு மேல் செலவாயிற்று. ஜெனரல் மோட்டார்ஸ் கொடுத்த கிரயம் 80 லட்சம் டாலருக்குச் சற்று மேல்.

இதில் என்னை அதிகம் தொந்தரவு செய்கிறவர் மேயர் கோல்மன் யங். 1952-ல் கம்யூனிஸ்ட் வேட்டைக் கமிட்டி விசாரணைக்கு இழுத்தபோது, 'நீக்ரோ' என்ற சொல்லைக் கமிட்டி வக்கீல் உச்சரித்த விதத்தைத் திருத்திப் பதில் சொன்னவர். தொழிற்சங்கத்துக்காரர். டெட்ராய்ட்டின் முதல் கறுப்பின மேயர். அவரே புல்டோசரை அனுப்பினார். துரோகி என்று எழுதுவது சுலபம், எழுதியும் இருக்கிறார்கள். வெள்ளையர்கள் புறநகருக்குப் போய்விட்டார்கள், வரி வருமானம் கரைந்துவிட்டது, பக்கத்து ஆலை அப்போதுதான் மூடியிருக்கிறது, கேட்கிற கம்பெனிக்கு வேறு மாநிலங்களும் திறந்திருக்கின்றன. இந்த நிலையில் கையெழுத்துப் போட்ட மனிதரை ஜாமீன்தாரர் என்று சொல்வதா, அடமானம் வைக்கப்பட்டவர் என்று சொல்வதா? அவர் நிலையில் பேனாவைக் கீழே வைத்திருக்கக்கூடியவர் யார் என்று எனக்குத் தெரியவில்லை. புது ஆலை 1985-ல் ஓடத் தொடங்கியது. சொன்ன வேலைகள் 6,000, கிடைத்தவை அதைவிட வெகு குறைவு. ஆர்ஜிதத் தீர்ப்பை அதே கோர்ட் 2004-ல் வேறொரு வழக்கில் தவறு என்று ரத்து செய்தது.

2008-ஐப் பற்றி நிறையச் சொல்லியாகிவிட்டதால் சுருக்கமாகச் சொல்கிறேன். மூன்று கம்பெனித் தலைவர்களும் தனி விமானத்தில் வந்து பிச்சை கேட்டது பெரிய கேலியாயிற்று. அந்தக் கேலியில் விவாதமே மறைந்துபோயிற்று. மிட் ராம்னி எழுதிய கட்டுரைக்கு 'டெட்ராய்ட் திவாலாகட்டும்' என்று நியூயார்க் டைம்ஸ் தலைப்பு வைத்தது. உள்ளே அவர் கேட்டது, அரசாங்கம் பின்னால் உத்தரவாதம் நிற்கும், திட்டமிட்ட ஒரு திவால். 2009-ல் ஒபாமா அரசாங்கம் செய்ததும் திவால் கோர்ட் வழியாகத்தான், கோர்ட்டுக்குள் பணத்தையும் அரசாங்கமே போட்டது என்ற பெரிய வித்தியாசத்தோடு. அந்தக் குளிர்காலத்தில் வேறு எவரும் கடன் கொடுக்கத் தயாரில்லை என்பதால் அந்த வித்தியாசம் முக்கியமானது. கைவிட்டிருந்தால் உதிரிபாகக் கம்பெனிகள் சங்கிலியாக விழுந்திருக்கும். அந்த வகையில் நான் ஒபாமா கட்சி.

ஆனால் தேதிகளைப் பார்க்கலாம். புஷ் 1,740 கோடி டாலர் கடனை அறிவித்தது 2008 டிசம்பர் 19. விஸ்கான்சினில் ஜேன்ஸ்வில் ஆலையில் ஜெனரல் மோட்டார்ஸ் கடைசி வண்டியை முடித்தது டிசம்பர் 23. 2009 மார்ச்சில் கம்பெனி கொடுத்த சீரமைப்புத் திட்டத்தை, வெட்டியது போதாது என்று அரசாங்கம் திருப்பி அனுப்பி, தலைவர் வேகனரையும் விலகச் சொன்னது. ஜூன் 1-ம் தேதி திவால் மனு, அன்றைக்கே மூடவோ நிறுத்தவோ போகும் பதினான்கு இடங்களின் பெயர்கள். கம்பெனியில் 60 சதவீதம் அரசாங்கத்துக்கு வந்தது. அதாவது அந்த ஆலைகளை மூடியபோது பெரும்பங்குதாரர் பொதுஜனம். 2013 டிசம்பரில் கடைசிப் பங்கை விற்றபோது ஜெனரல் மோட்டார்ஸ் கணக்கில் மட்டும் ஆயிரம் கோடி டாலருக்கு மேல் நஷ்டம். கார்ட்டர் காலத்து லாபத்தை வைத்து அதைச் சரியென்றவர்களும், இந்த நஷ்டத்தை வைத்து இதைத் தப்பென்றவர்களும், ஜாமீன்தாரரின் பாஸ்புக்கை மட்டுமே புரட்டுகிறார்கள்.

அதே 2013 ஜூலையில் டெட்ராய்ட் நகராட்சி திவாலாயிற்று. வாஷிங்டன் அதற்கு ஜாமீன் நிற்கவில்லை. நகராட்சி ஊழியர்களின் பென்ஷனைத் தீர்க்க, நகர மியூசியத்தின் ஓவியங்களை விற்கலாமா என்று மதிப்பீடு வரை போனார்கள். ஃபோர்டு ஆலையை டியகோ ரிவேரா 1932-33-ல் சுவர்களில் தீட்டியிருக்கும் மியூசியம் அது. தர்ம ஸ்தாபனங்களும் மாநில அரசும் பணம் போட்டு ஓவியங்களைக் காப்பாற்றின. பொது ஊழியர்களின் பென்ஷன் 4.5 சதவீதம் வெட்டப்பட்டது, விலைவாசிக்கேற்ற உயர்வும் போயிற்று. ஓவியம் தப்பியதில் எனக்குச் சந்தோஷம்தான். அதைச் சொல்லும்போது அந்த 4.5-ஐயும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

போல்டவுன் ஆலையின் முறை 2018 நவம்பரில் வந்தது. மூடுகிறோம் என்று ஜெனரல் மோட்டார்ஸ் சொல்லவில்லை, 'வண்டி ஒதுக்கப்படவில்லை' என்று சொல்லிற்று. அடுத்த வருஷம் தொழிலாளர்கள் நாற்பது நாள் வேலைநிறுத்தம் செய்த பிறகு வந்த ஒப்பந்தத்தில் ஆலை தப்பியது. 2020-ல் மின்சார வண்டிகளுக்கென்று மாற்றி 'ஃபேக்டரி ஜீரோ' என்று பெயர் வைத்தார்கள். வளாகத்துக்குள் பெத் ஓலெம் என்ற பழைய யூதக் கல்லறைத் தோட்டம் ஒன்று இருக்கிறது. கிரைஸ்லர் காலத்திலிருந்து ஆலைக்குள் அகப்பட்டுக்கொண்ட இடம். வருஷத்தில் இரண்டு நாள், பண்டிகைக்கு முன்பு, சில மணி நேரம் கேட்டைத் திறந்துவிடுகிறார்கள்.