சென்னைத் திருமண வரவேற்புகளில் மதுவற்ற பானங்கள்

சென்னையில் திருமண வரவேற்புக்கு வரும் விருந்தினருக்கு முதலில் வழங்கப்படும் பானம் பெரும்பாலும் மது கலவாததாகவே இருந்து வருகிறது. பானகம், மோர், சர்பத், சோடா, காபி, ரோஸ் மில்க், பழச்சாறு என்று பானங்கள் தலைமுறைக்குத் தலைமுறை மாறியுள்ளன. மது பற்றிய சட்டமும் கடந்த நூற்றாண்டில் பலமுறை மாறியது. ஆனால் மதுக்கடைகள் திறந்த காலத்திலும் கல்யாணப் பந்திக்குள் மது வந்துவிடவில்லை. கூடத்தில் இருக்கும் எல்லோரும் தயங்காமல் வாங்கிக் குடிக்கக்கூடியது எது என்பதே இங்கு பானத்தைத் தேர்ந்தெடுக்கும் அளவுகோலாக இருந்தது. பல சமயத்தவரும் அடுத்தடுத்த தெருக்களில் வாழும் ராயப்பேட்டையில் இதனைத் தெளிவாகக் காணலாம்.

பழந்தமிழகத்தில் கள்ளும் பதநீரும்

விருந்தில் மது வழங்குவது தமிழ் மரபுக்கு அந்நியமானது என்று சொல்லிவிட முடியாது. சங்கப் பாடல்களில் கள்ளும் தேறலும் விருந்தோம்பலின் பகுதியாகவே வருகின்றன. அதியமான் தன்னிடமிருந்த கள்ளைப் பகிர்ந்துகொண்டதை ஔவையார் புறநானூற்றில் நினைவுகூர்கிறார். பின்னர் வந்த திருக்குறள், கள்ளுண்ணாமைக்குத் தனி அதிகாரம் ஒதுக்கியது. ஆக, இரண்டு போக்குகளும் பழமையானவையே.

பனைமரமே இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. பாளையைச் சீவி வடியும் சாற்றை அப்படியே விட்டால் சில மணி நேரத்தில் புளித்துக் கள்ளாகும். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவி இறக்கினால் புளிக்காமல் பதநீராகக் கிடைக்கும். ஒரே மரத்தின் சாறு. வேறுபாடு சுண்ணாம்பில் மட்டுமே.

பானகமும் நீர்மோரும்

வெல்லம், சுக்கு, ஏலக்காய், எலுமிச்சைச் சாறு சேர்த்துக் கரைக்கப்படுவது பானகம். தயிரைக் கடைந்து நீர் பெருக்கி, இஞ்சி, கறிவேப்பிலை, பெருங்காயம் சேர்ப்பது நீர்மோர். இவை ராமநவமிக்கும் கோயில் திருவிழாக்களுக்கும் உரியவை. மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயில் பங்குனிப் பெருவிழாவில் அறுபத்துமூவர் ஊர்வலத்தன்று தெருவெங்கும் தண்ணீர்ப் பந்தல் வைத்து இவற்றை வழங்குவது வழக்கம். வருபவர் யார் எவர் என்று கேட்காமல் கொடுப்பதே தண்ணீர்ப் பந்தலின் அறம். கோடை முகூர்த்தங்களில் கல்யாண வீட்டாரும் இவற்றையே வழங்கினர்.

ராயப்பேட்டையின் மரபுகள்

ஆற்காடு இளவரசரின் இல்லமான அமீர் மகால் ராயப்பேட்டையில் உள்ளது. இதனையும் அடுத்துள்ள திருவல்லிக்கேணியையும் சார்ந்து முஸ்லிம் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றன. இஸ்லாத்தில் மது விலக்கப்பட்டது என்பதால் நிக்காஹ் விருந்துகளில் சர்பத்துக்கே இடம். 'சர்பத்' என்ற சொல்லே குடிப்பதைக் குறிக்கும் அரபு வேரிலிருந்து வந்தது. தமிழகத்தில் அது நன்னாரி வேருடன் சேர்ந்து நன்னாரி சர்பத் ஆயிற்று.

இப்பகுதியில் வெஸ்லி தேவாலயம் சார்ந்த கிறித்தவ மரபும் பழமையானது. வெஸ்லியின் வழிவந்த மெதடிஸ்ட் சபையார் பல நாடுகளில் மதுவிலக்கை வலியுறுத்தினர். அமெரிக்காவில் அச்சபையைச் சேர்ந்த தாமஸ் வெல்ச் என்ற பல் மருத்துவர், திருவிருந்தில் திராட்சை மதுவுக்குப் பதிலாகப் பயன்படுத்துவதற்காக, திராட்சைச் சாற்றைச் சூடாக்கிப் புளிக்காமல் பாதுகாக்கும் முறையை 1869இல் கையாண்டார். இன்று சென்னைக் கிறித்தவத் திருமண வரவேற்புகளில் கேக் வெட்டிய பின் திராட்சைச் சாறு வழங்குவதைப் பரவலாகக் காணலாம்.

மூன்றாவது மரபு உணவகம் சார்ந்தது. உடுப்பிப் பகுதியிலிருந்து வந்த கே. கிருஷ்ண ராவ் 1938இல் ராயப்பேட்டையில் உட்லண்ட்ஸ் ஓட்டலைத் தொடங்கினார். 1952இல் மயிலாப்பூரில் நியூ உட்லண்ட்ஸ் தொடங்கப்பட்டது. இத்தகைய சைவ உணவகங்களின் வளர்ச்சியோடு, டிபனும் டிகிரி காபியும் நகரத்து நடுத்தர வர்க்கத்தின் உபசாரமாக நிலைபெற்றன. காபியும் எளிதில் ஏற்கப்பட்டதன்று. காலையில் நீராகாரம் குடித்த சமூகத்தில் அது உடலைக் கெடுக்கும் புதுப்பழக்கம் என்று கண்டிக்கப்பட்டது. இந்த வரலாற்றை ஆ. இரா. வேங்கடாசலபதி 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' என்ற நூலில் விரிவாக எழுதியுள்ளார்.

யார் கையால் வாங்குவது?

மது இல்லாததால் மட்டுமே ஒரு பானம் எல்லோருக்கும் பொதுவாகிவிடவில்லை. யார் கையால், எந்தப் பாத்திரத்தில் தண்ணீர் வாங்கலாம் என்பதைச் சாதி தீர்மானித்த காலம் அது. சிற்றூர்த் தேநீர்க் கடைகளில் இருந்த இரட்டைக் குவளை முறை இதன் கொடிய வடிவம். சென்னை நகரத்திலும் சில உணவகங்கள் 'பிராமணாள்' என்ற பெயர்ப்பலகையுடன் இயங்கின. அச்சொல்லை நீக்கக் கோரி, ராயப்பேட்டைக்கு அருகில் திருவல்லிக்கேணியில் இருந்த முரளி கஃபே முன்பு 1957இல் பெரியாரின் திராவிடர் கழகம் தொடர் மறியல் நடத்தியது. பலர் கைதாயினர்.

இந்தச் சூழலில் சோடாவுக்கு ஒரு வசதி இருந்தது. இங்கிலாந்தின் ஹைரம் காட் 1870களில் உருவாக்கிய பாட்டிலில், உள்ளே அடைக்கப்பட்ட வாயுவின் அழுத்தம் ஒரு கோலியைக் கழுத்திலுள்ள ரப்பர் வளையத்தோடு அழுத்தி மூடிவிடும். கோலியைத் தட்டி உள்ளே தள்ளினால்தான் பானம் வரும். குடிப்பவர் கண்முன்னே திறக்கப்படும் பாட்டில், பொதுக் குவளையைச் சுற்றியிருந்த தயக்கங்களைக் குறைத்தது. மவுண்ட் ரோடு ஸ்பென்சர் நிறுவனத்தின் சோடா நகரத்தில் பெயர் பெற்றது. விருதுநகரில் பழனியப்ப நாடார் 1916இல் தொடங்கிய காளிமார்க், பின்னாளில் பொவண்டோ வழியாகத் தமிழகமெங்கும் அறிமுகமாயிற்று. 2017 ஜல்லிக்கட்டுப் போராட்டத்தின்போது அயல்நாட்டுக் குளிர்பானங்களைப் புறக்கணிக்கும் அழைப்பு எழுந்தபோது, இவ்வகை உள்ளூர்ப் பானங்கள் மீண்டும் கவனம் பெற்றன.

மதுவிலக்குச் சட்டம்

சென்னை மாகாணப் பிரதமராக இருந்த ராஜாஜி 1937 அக்டோபர் 1 அன்று சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். அதனால் குறைந்த வருவாயை ஈடுகட்ட 1939இல் பொது விற்பனை வரி கொண்டுவரப்பட்டது. ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் ஆட்சியில் 1948 அக்டோபர் 2 முதல் மாகாணம் முழுவதும் மதுவிலக்கு வந்தது. 1971இல் மு. கருணாநிதி அரசு அதனை நிறுத்திவைத்து, 1974இல் மீண்டும் கொண்டுவந்தது. எம்.ஜி.ஆர். ஆட்சியில் 1981இல் தளர்வு ஏற்பட்டது. 1983இல் டாஸ்மாக் நிறுவப்பட்டது. 2003இல் சில்லறை விற்பனையும் அதனிடம் வந்தது.

இத்தனை மாற்றங்களுக்கிடையிலும் வரவேற்புப் பானம் மதுவற்றதாகவே தொடர்ந்தது. சில விருந்தினர் மண்டபத்துக்கு வெளியே குடிப்பதும், சில வீட்டார் அதற்குத் தனி ஏற்பாடு செய்வதும் உண்டு. ஆனால் அது பந்தியின் பகுதியாகக் கருதப்படுவதில்லை.

2023 சர்ச்சை

2023 ஏப்ரலில் இந்தப் பொது வழக்கம் சோதனைக்கு உள்ளானது. திருமண மண்டபங்கள், விருந்து மண்டபங்கள், விளையாட்டு அரங்குகள் ஆகியவற்றில் சிறப்பு அனுமதியுடன் மது பரிமாறலாம் என்ற விதித் திருத்தம் வெளியானதும் கட்சி வேறுபாடின்றி எதிர்ப்பு எழுந்தது. திருமண மண்டபங்களில் அனுமதி இல்லை என்று துறை அமைச்சர் வி. செந்தில் பாலாஜி அறிவித்தார். விதியும் அவ்வாறே திருத்தப்பட்டது. மாநிலமெங்கும் அரசே மது விற்றுவரும் நிலையில் கல்யாண மண்டபத்துக்கு மட்டும் இந்த எதிர்ப்பு எழுந்தது கருதத்தக்கது. குழந்தைகளும் முதியோரும் சம்பந்தி வீட்டாரும் ஒன்றாக அமரும் இடம் அது.

இன்றைய தேர்வு

இன்று மண்டபங்களில் இளநீர், ரோஸ் மில்க், பாதாம் பால், ஜிகர்தண்டா, மாக்டெயில் எனத் தனித்தனி மேசைகள் அமைக்கப்படுகின்றன. 'மதுவற்ற பியர்' போன்றவையும் கடைகளுக்கு வந்துள்ளன. இந்திய உணவுப் பாதுகாப்பு விதிகளின்படி, ஆல்கஹால் 0.5 விழுக்காட்டுக்கு மேல் உள்ளதே மதுபானம் எனப்படும். எனவே மதுவற்றது என்று விற்கப்படுவதில் சிறிதளவு ஆல்கஹால் இருக்கக்கூடும். சமயக் காரணத்தாலோ, குடிப்பழக்கத்திலிருந்து மீண்டிருப்பதாலோ மதுவை முற்றிலும் தவிர்ப்போருக்கு இந்த வேறுபாடு முக்கியமானது. நீரிழிவு உள்ளவருக்கு இனிப்பில்லாத மோர், பால் ஒவ்வாதவருக்கு இளநீர் அல்லது எலுமிச்சைச் சாறு, எல்லாப் பானங்களுக்கும் தூய நீரில் செய்த ஐஸ் ஆகியவையும் விருந்தளிப்போர் கவனிக்க வேண்டியவை. எந்த விருந்தினரும் வெறுங்கையோடு ஒதுங்கி நிற்கும்படி விடாததே நல்ல தேர்வாகும்.