செய்தவரும் செய்வித்தவரும்

போன வாரம் அக்கா மகனுக்கு இங்கிலீஷ் கிராமர் வீட்டுப்பாடம், வினைச்சொல் வகைகள். டிரான்சிடிவ், இன்டிரான்சிடிவ் எல்லாம் தாண்டி, காசேட்டிவ் வந்ததும் நின்றுவிட்டான்.

"மாமா, 'ஐ கட் மை ஹேர்'னா நானே வெட்டிக்கிட்டது. 'ஐ ஹேட் மை ஹேர் கட்'னா சலூன்ல வெட்டினது. தமிழ்ல ரெண்டுக்குமே 'முடி வெட்டிக்கிட்டேன்'தானே? எதுக்கு இந்த வம்பு?"

கேள்வி நியாயம்தான். ஆனால் அந்த வேறுபாட்டைத் தமிழும் கறாராகக் காட்டியிருக்கிறது. சாட்சி செங்கல்பட்டை அடுத்த வல்லத்திலேயே இருக்கிறது.

வல்லம் குடைவரை 7ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது, முதலாம் மகேந்திரவர்மன் காலம். அவனுடைய அடியானான வயந்தப்பிரி அரசரின் மகன் கந்தசேனன் எடுத்த கோயில் அது. அங்குள்ள தமிழ்க் கல்வெட்டு, கந்தசேனன் 'செய்த' கோயில் என்று சொல்லவில்லை. 'செயிவித்த' என்கிறது. நடுவில் நிற்கும் 'வி' பிறவினை விகுதி. உளி பிடித்தது வேறொருவர் கை என்பதை அந்த ஓர் எழுத்து ஒப்புக்கொண்டுவிடுகிறது. 'வி', 'பி' என்ற இந்த விகுதிகளுக்கு நன்னூலில் தனிச் சூத்திரமே உண்டு. இரண்டும் சேர்ந்து 'செய்விப்பி' என்றால், ஒருவரை ஏவி, அவர் மூலம் இன்னொருவரைச் செய்ய வைப்பது.

வடமொழிக் கல்வெட்டுகளும் இப்படித்தான். மாமல்லபுரம் கணேச ரதத்தில் உள்ள வினை 'காரிதம்'. பொருள், செய்விக்கப்பட்டது.

ஆங்கிலத்தில் இதற்குத் தனி விகுதி இப்போது இல்லை. 'ஹேவ்', 'கெட்' போட்டுச் சமாளிக்கிறார்கள். 'ஃபால்' (விழு), 'ஃபெல்' (வீழ்த்து) போன்ற சில ஜோடிகளில் பழைய சுவடு தெரியும்.

நாமோ இன்று 'மகேந்திரவர்மன் குடைந்த கோயில்' என்று சாதாரணமாக எழுதுகிறோம். 'வி' உதிர்ந்ததும் சிற்பியும் காணாமல் போய்விட்டார்.

முழுக்கப் போய்விடவில்லை. மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் பூஞ்சேரியில் ஒரு பாறை இருக்கிறது. கேவாத பெருந்தச்சன், குணமல்லன், கொல்லன் சேமகன் என்று சில பெயர்கள் அதில் வெட்டப்பட்டுள்ளன. இங்கே வேலை செய்த கலைஞர்களின் பெயர்கள் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். வினைச்சொல்லே கிடையாது, வெறும் பெயர்கள். அந்த வாக்கியத்தை முடித்து வைக்க வேண்டுமென்றால் 'செய்தார்கள்' என்ற தன்வினை போதும். 'வி' தேவையில்லை.

அக்கா மகனிடம் இதைத்தான் சொன்னேன்: "இந்த வம்பு இல்லேன்னா, முடி வெட்டின அண்ணன் கணக்குலயே வரமாட்டார்டா."