ஏரியில் மிதந்த ஆன்டெனா

பென்சியாஸும் வில்சனும் 1965இல் அறிவித்த அந்த மெல்லிய இரைச்சலோடு சென்ற இதழில் நிறுத்தினோம். அந்த இரைச்சல்தான் பேரண்டப் பின்புலக் கதிர்வீச்சு; அதன் வெப்பநிலை 2.725 கெல்வின். திசைக்குத் திசை அதில் தெரியும் ஏற்றத்தாழ்வு ஏறத்தாழ லட்சத்தில் ஒரு பங்கு. 1992இல் அதைக் கண்டு சொன்னது கோபி செயற்கைக்கோள். பிறகு தரையில் தொலைநோக்கி எதற்கு என்று கேட்பது நியாயமே. காற்றிலுள்ள நீராவி நுண்ணலையை விழுங்கும், தானும் உமிழும். ஊத்துக்கோட்டையில் ஐப்பசி விடியலில் ஆரணியாற்றின் மேல் தேங்கும் ஈரமே அந்த வேறுபாட்டை மூழ்கடித்துவிடும். ஆனால் பிளாங்க் செயற்கைக்கோள் சுமந்தது 1.5 மீட்டர் கண்ணாடி; வறண்டு உறைந்த தென்துருவத்தில் நிற்பது 10 மீட்டர் தட்டு. தட்டு பெரிதானால் சின்னஞ்சிறு புள்ளியும் பிரிந்து தெரியும். ஆகவே கருவியில் பாதி, அது நிற்கும் இடம்தான் என்பேன்.

இதற்கு நம் பக்கத்து மாநிலத்திலேயே சான்று உண்டு. முதல் விண்மீன்கள் ஒளிர்ந்த காலத்து ஹைட்ரஜன், அதே பின்புலக் கதிர்வீச்சில் ஒரு பள்ளம் பறித்திருக்க வேண்டும். ஆஸ்திரேலியப் பாலையில் இயங்கிய எட்ஜஸ் குழு, 78 மெகாஹெர்ட்ஸ் அருகே அரை கெல்வின் ஆழப் பள்ளத்தைக் கண்டதாக 2018இல் அறிவித்தது. எதிர்பார்த்ததைவிட அது மிக ஆழம். பெங்களூரு ராமன் ஆய்வு நிறுவனத்தார் ஐயப்பட்டது தரையை. மண் அடுக்கடுக்காக இருப்பது. ஒவ்வொரு அடுக்கும் அலையை ஒவ்வொரு விதமாகத் திருப்பும். நீரோ ஒரே சீரானது. 2020 தொடக்கத்தில் சாரஸ்-3 என்ற கூம்பு ஆன்டெனாவை மிதவையில் ஏற்றி, தண்டிகனஹள்ளி ஏரியிலும் ஷராவதி நீர்த்தேக்கத்திலும் விட்டார்கள். அந்தப் பள்ளம் தென்படவில்லை. 2022இல் வெளியான முடிவு, எட்ஜஸ் கண்டதை 95.3 சதவீத உறுதியோடு மறுத்தது.

மீதி 4.7 சதவீதம் என்னாவது என்பவர்களுக்கு: இது இறுதித் தீர்ப்பல்ல, வேறிடத்தில் இன்னொரு கருவி அளந்தே ஆக வேண்டும். அதற்குப் பூண்டி ஏரி போதாதா என்றால், போதாது. நீர் உண்டு, கிருஷ்ணா நீரும் ஊத்துக்கோட்டை ஜீரோ பாயின்ட் வழியாகவே வந்து சேர்கிறது. ஆனால் 88 மெகாஹெர்ட்ஸில் தொடங்கும் எஃப்.எம். வரிசை, சென்னையிலிருந்து அந்தப் பள்ளத்தைத் தேடும் அலைவரிசையின் விளிம்பிலேயே ஒலிக்கிறது. கும்மிடிப்பூண்டி ஆலைகளின் மின் இரைச்சல் வேறு. ஆள் அரவமற்ற ஏரிகளும் மலைகளும் நம் நாட்டில் இன்னும் சில மிஞ்சியிருக்கின்றன. கோபுரங்கள் முளைக்கும் முன்பே அரசு அவற்றை வானொலி அமைதி வட்டாரங்களாக அறிவிக்க வேண்டும்.