பொம்மை டாங்கியும் மெய்ச் சரித்திரமும்

வானொலி அலைகளின் வாயிலாகப் பேச்சும் இசையும் நம் இல்லங்களை வந்தடைவதை நாம் நாள்தோறும் அறிவோம். அதே இனத்து அலைகள், கம்பி எதுவுமின்றி, ஒரு சிறு வண்டியை முன்னும் பின்னும் நகர்த்தவும் அதன் பீரங்கியைத் திருப்பவும் வல்லவை. கடைவீதிகளில் குழந்தைகளின் கண்ணைக் கவரும் ரேடியோ டாங்கி அத்தகைய விளையாட்டுப் பொருளாகும். அதனை வாங்கி ஓட்டி மகிழ்வோர் பலர். அதனைப் பிரித்துத் திருத்தி, விடுபட்ட நுட்பங்களைச் சேர்த்து, மெய்யான டாங்கியின் சாயலாக்கிக் காட்சிக்கு வைப்போர் சிலர். அச்சிலருடைய கைவேலை சரித்திரத்தைக் கற்பதற்கும் ஒரு வழியாக இருப்பதை இங்கே காண்போம்.

1898ஆம் ஆண்டு நியூயார்க் நகரில் நடைபெற்ற மின்சாரக் கண்காட்சியில், நிக்கோலா டெஸ்லா என்னும் விஞ்ஞானி சிறு படகொன்றை நீர்த்தொட்டியில் மிதக்கவிட்டு, கம்பியின்றியே அதனை இயக்கிக் காட்டினார். அவ்வாண்டு நவம்பரில் அதற்குக் காப்புரிமையும் பெற்றார். பதினெட்டு ஆண்டுகளுக்குப் பின்னர், 1916 செப்டம்பர் 15 அன்று, பிரான்சு நாட்டின் சோம் போர்க்களத்தில் முதன்முதலாக டாங்கிகள் தோன்றின. முட்கம்பி வேலிகளையும் பதுங்கு குழிகளையும் கடப்பதற்கென்று ஆங்கிலேயர் அவற்றைச் செய்தனர். பகைவர் அறியாவண்ணம் மறைப்பதற்காக, அவற்றை நீர்த்தொட்டிகள் என்று சொல்லி வைத்தனர். தொட்டியைக் குறிக்கும் அந்த ஆங்கிலச் சொல்லே நம் மொழியில் டாங்கி என நிலைத்துவிட்டது.

ரேடியோவும் டாங்கியும் ஒன்றுசேர்ந்ததும் போர்க்களத்திலேயேயாம். 1939–40ஆம் ஆண்டுகளில் பின்லாந்துடன் நிகழ்ந்த போரில், ஆளில்லாத டாங்கிகளைச் சோவியத் படையினர் பயன்படுத்தினர். சற்றுத் தொலைவில் மற்றொரு டாங்கியில் அமர்ந்தவர் ரேடியோவால் அவற்றை ஓட்டினார். ஆகவே குழந்தையின் கையில் இன்று உள்ள பொருள், விளையாட்டுக் கருவியாவதற்கு முன்பே போர்க்கருவியாக இருந்ததாகும்.

அது விளையாட்டுப் பொருளாக வளர்ந்த கதையில் ஜப்பானின் ஷிசுவோகா நகருக்குப் பெரும் பங்கு உண்டு. அங்கே 1946இல் மரவாணிபமாகத் தொடங்கிய தாமியா நிறுவனம், பின்னர் மர மாதிரிகளையும், 1960 முதல் பிளாஸ்டிக் மாதிரிகளையும் செய்து விற்றது. 1961–62இல் அது வெளியிட்ட ஜெர்மானியப் ‘பாந்தர்’ டாங்கிக்குள் ஒரு சிறு மோட்டாரும் இரண்டு மின்கலங்களும் அடங்க வேண்டியிருந்தன. அவை அடங்கும் அளவுக்கு வண்டியின் உடல் வகுக்கப்பட்டது. பிறகு அளந்து பார்த்தபோது, அது மெய் டாங்கியில் முப்பத்தைந்தில் ஒரு பங்காக இருந்தது. மின்கலத்தின் பருமனால் அமைந்த அவ்வளவே பிற்காலத்தில் உலகெங்கும் போர்வண்டி மாதிரிகளுக்கு உரிய அளவாயிற்று. 1974இல் அதே நிறுவனம், பதினாறில் ஒரு பங்கு அளவில், ரேடியோவால் இயங்கும் ‘ஷெர்மன்’ டாங்கியை வெளியிட்டது.

இத்தகைய வண்டியைக் காட்சிக்கு உரியதாக்குவது எங்ஙனம்? முதலில் பொம்மைக்கே உரிய அடையாளங்களை நீக்குதல் வேண்டும். அச்சில் வார்த்தபோது எழுந்த தழும்புகளைத் தேய்த்து, திருகாணிக் குழிகளைப் பூசி அடைப்பர். உடலோடு ஒட்டி வார்க்கப்பட்ட மண்வெட்டியையும் கைப்பிடிகளையும் செதுக்கி எடுத்துவிட்டு, தனியே செய்து பொருத்துவர். மெய் வண்டியில் 16 மில்லிமீட்டர் பருமனுள்ள கைப்பிடி, பதினாறில் ஒரு பங்கு அளவில் 1 மில்லிமீட்டர் செப்புக் கம்பியாகும். முறுக்கிய மெல்லிய கம்பி இழுவை வடமாகும். பசையில் தோய்த்த மெல்லிய காகிதம் தார்ப்பாயாகும். பிளாஸ்டிக் சங்கிலிக்குப் பதிலாக உலோகச் சங்கிலியைப் பூட்டினால், அது தன் எடையால் மெய்ச் சங்கிலியைப் போலவே சக்கரங்களின்மேல் தொய்ந்து கிடக்கும். வண்டி ஓடவும் வேண்டுமாயின், மேலுடலைப் பசையிட்டு மூடிவிடலாகாது. நெடுநாள் காட்சியில் நிற்குமாயின், மின்கலம் கசிந்து உள்ளுறுப்புகளை அரிக்காதபடி அதனை எடுத்துவிடுதல் நலம்.

இதன் பின்னரே வர்ணம். இங்குதான் கைத்திறனோடு ஆராய்ச்சியும் தேவைப்படுகிறது. வர்ணம் எங்கே தேய வேண்டும்? வீரர்கள் ஏறி இறங்கும் வாயிலைச் சுற்றி, அவர்களுடைய காலணிகள் படும் இடத்தில். கரி எங்கே படிய வேண்டும்? புகைபோக்கியின் வாயருகில். சங்கிலியில் தரையைத் தொடும் பகுதி தேய்ந்து பளபளக்கும். மற்றப் பகுதி துருவேறி நிற்கும். இராஜஸ்தானத்தின் மணலும் பஞ்சாபின் வண்டல் மண்ணும் ஒரே நிறத்தன அல்ல. எந்த ஆண்டு, எந்தப் படைப்பிரிவு, எந்தக் களம் என்று அறியாமல் ஒரு துளிச் சேற்றையும் சரியாகப் பூச இயலாது. கண்ட இடமெல்லாம் துருவும் கீறலும் இட்டால், அது அலங்காரமாகுமேயன்றிச் சரித்திரமாகாது.

கடைகளில் கிடைக்கும் ரேடியோ டாங்கிகள் பெரும்பாலும் ஜெர்மானிய, அமெரிக்க, ருஷ்ய வண்டிகளின் மாதிரிகளே. நம் நாட்டு டாங்கியைச் செய்ய விரும்புவோர் அளந்து, வெட்டி, ஒட்டித் தாமே உருவாக்க நேரும். சென்னையை அடுத்த ஆவடியில் 1961இல் நிறுவப்பட்ட கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து, 1965இல் முதல் ‘விஜயந்தா’ டாங்கி வெளிவந்தது. ஆங்கிலேயரின் விக்கர்ஸ் வடிவமைப்பைத் தழுவிய அவ்வண்டியின் பீரங்கி 105 மில்லிமீட்டர் வாயுடையது. பதினாறில் ஒரு பங்கு அளவில் அது ஏறத்தாழ 6.5 மில்லிமீட்டர் ஆகும். படையிலிருந்து ஓய்வு பெற்ற விஜயந்தாக்கள் பல நகரங்களில் பொதுமக்கள் பார்வைக்கு நிறுத்தப்பட்டுள்ளன. ஊர் விட்டு ஊர் வந்து வாழும் நம்மில் சிலர், அவை ஆவடியில் பிறந்தவை என்பதை அறியாமலே அவற்றைக் கடந்து சென்றிருக்கக் கூடும்.

அகமதுநகர் என்று நெடுங்காலம் வழங்கி, இப்போது அகில்யாநகர் எனப் பெயர் பெற்றுள்ள மகாராஷ்டிர நகரில், 1994இல் அமைக்கப்பட்ட டாங்கிப் பொருட்காட்சி சாலை உள்ளது. பல நாட்டு டாங்கிகளை அங்கே அருகில் நின்று காணலாம். மாதிரி செய்வோருக்கு அது ஒரு பாடசாலை.

‘பமகுஸ்தா’ என்னும் பெயர் தாங்கிய செஞ்சூரியன் டாங்கியும் அந்நகரில் பாதுகாக்கப்பட்டு வருகிறது. 1971 டிசம்பர் 16 அன்று, பசந்தர் போரில், பூனா ஹார்ஸ் படைப்பிரிவின் இரண்டாம் லெப்டினன்ட் அருண் கேத்ரபால் அதில் இருந்து போரிட்டார். அடிபட்டுத் தீப்பற்றிய வண்டியை விட்டு வெளியேறும்படி அவருக்கு ஆணை வந்தது. பீரங்கி இன்னும் சுடும் நிலையில் இருந்ததால் அவர் வெளியேற மறுத்தார். அக்களத்திலேயே உயிர் நீத்தார். அப்போது அவருக்கு வயது 21. மறைவுக்குப் பின் பரம் வீர் சக்கரம் அவருக்கு வழங்கப்பெற்றது.

அந்த டாங்கியின் மாதிரியைச் செய்ய அமரும் ஒருவர், தீயின் கறையை எங்கே, எவ்வளவு இடுவது என்று எண்ணும்போது, அவர் தூரிகை சற்றே தயங்கும். தயங்கவும் வேண்டும். செஞ்சூரியனுக்குள் நால்வர் இருப்பர். பதினாறில் ஒரு பங்கு அளவில் ஒரு மனித உருவம் சுமார் பத்தரை சென்டிமீட்டர் உயரம். அவ்வுருவத்தை வண்டியின் அருகில் நிறுத்திப் பார்த்த பிறகுதான், அந்த இரும்புப் பெட்டி உள்ளிருப்போர்க்கு எத்துணைச் சிறிய இடம் என்பது புலனாகும். விசையை அழுத்தி ஓடவிடும்போது இவ்வெண்ணம் எழுவதில்லை. உரிய அளவோடும் உண்மையோடும் செய்து நிறுத்திய மாதிரியே அதனை எழுப்புகிறது.

அடுத்த விடுமுறை நாளில், தாங்கள் வாழும் நகரத்தில் டாங்கி ஏதேனும் நிறுத்தப்பட்டிருப்பின், குழந்தைகளை அழைத்துச் சென்று காட்டுங்கள். அதன் பெயர் யாது, எங்கே செய்யப்பட்டது, அதனுள் எத்தனை பேர் இருந்தனர் என்னும் மூன்று கேள்விகளை அவர்களைக் கேட்கச் செய்யுங்கள். வீடு திரும்பிய பின் அவர்கள் கையில் எடுக்கும் பொம்மை டாங்கி முன்போலவே ஓடும். ஆனால் அதனுள் யார் இருந்திருப்பர் என்று அவர்கள் உங்களைக் கேட்பார்கள்.