பிரியும் பாதைகளின் தோட்டம் (சிறுகதை)

பிரியும் பாதைகளின் தோட்டம் என்பது அர்ஜென்டினா எழுத்தாளர் ஹோர்ஹே லூயிஸ் போர்ஹெஸ் 1941 ஆம் ஆண்டில் எசுப்பானிய மொழியில் வெளியிட்ட சிறுகதை ஆகும். இணை உலகங்கள் பற்றிய புனைவுகளுக்கு இது ஒரு முன்னோடியாகக் கருதப்படுகின்றது.

கதை

முதல் உலகப் போரின்போது இங்கிலாந்தில் செருமனிக்காக உளவு பார்க்கும் யூ சுன் என்ற சீனர், தம் முன்னோர் எழுதிய குழப்பமான புதினத்தின் பொருளை ஆல்பர்ட் என்னும் அறிஞரிடம் அறிகின்றார். அப்புதினத்தில் ஒரு நிகழ்வின் எல்லா முடிவுகளும் வெவ்வேறு காலங்களில் நிகழ்கின்றன. ஒன்றில் நண்பராக இருப்பவர் மற்றொன்றில் பகைவர். ஆயினும், ஆல்பர்ட் என்ற பெயருடைய நகரைத் தாக்குமாறு செருமானியருக்கு உணர்த்த, யூ சுன் அவரைச் சுட்டுக் கொல்கின்றார்.

வாசகர் வரவேற்பு

இக்கதையின் பெயரில் வெளிவந்த தொகுப்புக்கு 1942 இல் அர்ஜென்டினாவின் தேசிய இலக்கியப் பரிசு மறுக்கப்பட்டது. அதனை ஏற்காத எழுத்தாளர்கள் அவ்வாண்டே சூர் இதழில் போர்ஹெசுக்கு ஆதரவாக எழுதினர். 1948 இல் ஆங்கில மொழிபெயர்ப்பு ஒரு துப்பறியும் கதை இதழில் வெளியானது.

பின்னர் இயற்பியலாளர்களும் இதனைக் கவனித்தனர். குவாண்டம் அளவீட்டின் எல்லா விளைவுகளும் நிகழ்கின்றன எனக் கொள்ளும் பல்லுலக விளக்கத்திற்கு அடிப்படையான கட்டுரையை ஹியூ எவரெட் 1957 இல் வெளியிட்டார். அவ்விளக்கம் குறித்து பிரைசு டிவிட், நீல் கிரகாம் ஆகியோர் 1973 இல் பதிப்பித்த நூலின் தொடக்கத்தில் இக்கதையின் ஒரு பகுதி எடுத்தாளப்பட்டது. பரிசு மறுக்கப்பட்ட இக்கதை எவரெட்டின் கட்டுரைக்கு 16 ஆண்டுகள் முந்தியது.